முள்ளை எடுத்துவிட்டுப் பாருங்கள்

ஒருவர் மீனைப் பிடித்து, வெட்டி, குழம்பு வைத்துச் சாப்பிடுகிறார். இன்னொருவர் மீனைப் பிடித்து, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிடுகிறார். இந்த இருவரில் யார் செய்வது அகிம்சைக்கு நெருக்கமானது?

நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் யோசிக்காமலே பதில் சொல்வார்கள்: "இதுல என்ன இருக்கு? கொன்னா பாவம், விட்டா புண்ணியம்." கொஞ்ச நேரம் போனதும் யாராவது ஒருவர் மெதுவாக ஆரம்பிப்பார்: "சாப்பிடப் பிடிக்கிறவருக்கு ஒரு காரணம் இருக்கு. விடப்போற மீனை எதுக்குப் பிடிக்கணும்?" அப்புறம் பேச்சு சூடு பிடித்துவிடும்.

இந்தக் கேள்வி என்னைச் சில வாரங்களாக விடவில்லை. மீனைப் பற்றிய கேள்வி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க, நாம் எதை விளையாட்டு என்று சொல்கிறோம் என்ற கேள்வியாக அது மாறிவிட்டது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி எங்கிருந்து வந்தது?

நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் ஃபுட்சால். இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு மேட்சில் பந்தோடு திரும்பினேன். உடம்பு திரும்பியது, வலது பாதம் தரையிலேயே நின்றுவிட்டது. முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். ஏசிஎல் என்ற தசைநார் அறுந்துவிட்டது. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாணை எடுத்து, மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் துளை போட்டு, அதற்குள் இழுத்து இறுக்கினார்கள். நாங்கள் மெஷின் ஷாப்பில் செய்கிற வேலை மாதிரியேதான். மறுபடி விளையாடக் குறைந்தது ஒன்பது மாதம் ஆகும் என்றார் டாக்டர்.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சும்மா படுத்திருப்பதுதான் கஷ்டம். ஃபோன், சுவர், ஃபோன், சுவர். மூன்றாவது மாதம் அம்மாவுக்கே என் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்ததோ என்னவோ, ஈப்போவில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு ஃபோன் போட்டுவிட்டார். மாமா சனிக்கிழமை காடியோடு வந்து நின்றார். "வாடா, ஆத்துக்குப் போவோம். நீ ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா ஒக்காந்திரு. ஆத்துக் காத்து பட்டாலே போதும்."

போனது கம்பார் ஆறு. கோப்பேங் பக்கம் ராஃப்டிங் செய்கிறார்களே, அதே ஆறுதான். ஆனால் தண்ணீர் அமைதியாக ஓடுகிற ஓர் இடம். மணல் திட்டில் மடக்கு நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்தார். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும்.

மாமா பல வருஷமாக ஃப்ளை ஃபிஷிங் செய்கிறவர். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் அப்படி இல்லை. இறகும் நூலும் கட்டிச் செய்த பூச்சி மாதிரியான ஒரு சின்னப் பொருள்தான் முனையில் இருக்கும். அதற்கு எடையே கிடையாது. எடை கயிற்றில் இருக்கிறது. கோலைப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தி, முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால், கயிறு ஒரு வளையமாகச் சுருண்டு காற்றில் விரிந்துகொண்டே போகும். அசைகிற பகுதி குறையக் குறைய வேகம் முனைக்குப் போகிறது. சாட்டை வேலை செய்கிற தத்துவம்தான். வகுப்பில் சமன்பாடாகப் பார்த்ததைக் கையில் உணர்ந்தபோது சிரிப்பே வந்துவிட்டது.

ஆமாம், என் கையில்தான். உட்கார்ந்தபடியே வீசலாம் என்று மாமா ஒரு கோலைக் கொடுத்தார். முனையில் முள் இல்லை. மஞ்சள் கம்பளி நூல் ஒரு துண்டு, அவ்வளவுதான். "கத்துக்கிறவனுக்கு முள்ளு கிடையாது. மொத நாளே காதுல மாட்டிக்குவ" என்றார். "கடிகாரம் மாதிரி நெனச்சுக்க. ரெண்டு மணியில நிறுத்து, பத்து மணியில நிறுத்து. நிறுத்துறதுதான் வித்தை, வீசுறது இல்ல."

ஒரு மணி நேரத்துக்கு மேல் வீசியிருப்பேன். முதலில் கயிறு என் தலையிலேயே விழுந்தது. பிறகு ஐந்து தடவையில் ஒரு தடவை நேராகப் போனது. பிறகு இரண்டில் ஒன்று. நூல் தண்ணீரில் மிதந்து போவதைக் கண் தானாகப் பின்தொடர்ந்தது. ஒருமுறை ஒரு குட்டி மீன் மேலே வந்து நூலைக் கவ்விப் பார்த்துத் துப்பிவிட்டுப் போனது. முழங்கால் என்று ஒன்று இருப்பதையே நான் மறந்திருந்தேன். மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் மாமாவின் கோல் வளைந்தது. செபாராவ் மீன், ஒரு கிலோ இருக்கும். உடம்பின் நடுவில் கறுப்புப் பட்டை. மாமா கவனமானவர். முள்ளின் உள்பக்கம் இருக்கும் குட்டிக் கூரை இடுக்கியால் முன்கூட்டியே நசுக்கி வைத்திருந்தார், சுலபமாகக் கழன்று வருவதற்கு. மீனைத் தொடுவதற்கு முன் கையை நனைத்துக்கொண்டார். போட்டோகூட எடுக்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, ஓட்டத்தைப் பார்த்தாற்போல் மீனைப் பிடித்திருந்தார். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு ஒரே துள்ளல், போய்விட்டது.

"பாத்தியா? ஒரு கெடுதலும் இல்ல. அது வீட்டுக்குப் போயிருச்சு" என்றார் மாமா. அந்த "ஒரு கெடுதலும் இல்ல" என்ற வார்த்தையைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மீனுக்கு வலிக்குமா?

முதலில் இதைப் பார்த்துவிடுவோம். வலியே இல்லை என்றால் கேள்வி இங்கேயே முடிந்துவிடும்.

2003-இல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் டிரௌட் மீன்களை வைத்து ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். காயத்தை உணரக்கூடிய நரம்பு முனைகள் மீனின் முகத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். சில மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையோ, வினிகரில் இருக்கும் அமிலத்தையோ ஏற்றினார்கள். அந்த மீன்கள் சாப்பிட வர நெடுநேரம் எடுத்தன. அமிலம் ஏற்றியவை உதட்டைத் தொட்டியின் கற்களில் தேய்த்தன. இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. மனிதனுக்கு இருக்கும் மூளையின் மேலடுக்கு மீனுக்கு இல்லை, அதனால் வலி என்ற அனுபவம் அதற்கு இருக்க முடியாது என்று ஆஸ்திரேலியாவின் பிரையன் கீ 2016-இல் எழுதினார். விவாதம் இன்னும் நடக்கிறது.

இன்ஜினியரிங்கில் எங்களுக்கு ஒரு பழக்கம் சொல்லித்தருவார்கள். ஒரு பாலம் தாங்குமா தாங்காதா என்று உறுதியாகத் தெரியாதபோது, தாங்கும் என்று வைத்துக்கொண்டு லாரியை ஏற்றக் கூடாது. சந்தேகம் இருந்தால் பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும். மீன் விஷயத்திலும் அதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. சுவிட்சர்லாந்து 2008-இல் கொண்டுவந்த விலங்குப் பாதுகாப்பு விதிகளில், விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதையே தடை செய்திருக்கிறது. சாப்பிடப் பிடிக்கலாம், விளையாடிவிட்டு விடுவதற்காகப் பிடிக்கக் கூடாது! நாம் சட்டென்று சொல்லும் பதிலுக்கு நேர் எதிராக ஒரு நாட்டின் சட்டம் இருக்கிறது.

நான்கு விதமான வலி

வலி எல்லாமே தப்பு என்று சொல்லிவிட முடியாது. என் முழங்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் என் எலும்பில் துளை போட்டார். அந்த வலி என் நன்மைக்காக, என் கையெழுத்தோடு கொடுக்கப்பட்டது. அதை ஹிம்சை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது, ஃபுட்சால் மைதானத்தில் பட்ட வலி. அது என் நன்மைக்கு இல்லை. ஆனால் விளையாட நானே இறங்கினேன். எதிரணியும் இறங்கியது. இரண்டு பக்கமும் ஒரே ஆபத்து, ஒரே விதி. வேண்டாம் என்றால் கையைத் தூக்கிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

மூன்றாவது நமக்கெல்லாம் தெரிந்தது. தைப்பூசத்தில் பத்துமலைக்குப் போகிறோம். எத்தனையோ அண்ணன்மார்கள் முதுகில் கொக்கி போட்டுக்கொள்கிறார்கள், அலகு குத்திக்கொள்கிறார்கள். வெளியாள் யாராவது பார்த்தால் "இது கொடுமை இல்லையா?" என்று கேட்கிறார்கள். நாம் என்ன பதில் சொல்கிறோம்? விரதம் இருந்து, மனசைத் தயார் செய்து, முருகனுக்குத் தானே நேர்ந்துகொண்டு, தன் உடம்பில் தானே ஏற்றுக்கொள்ளும் வலி இது என்கிறோம். சரியான பதில்தான். ஆனால் அந்தப் பதிலின் பலம் எங்கே இருக்கிறது? கொக்கியில் இல்லை. "தானே" என்ற சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சதையில் ஏறிய இரும்பு மட்டும்தான்.

நான்காவது, செபாராவின் உதட்டில் ஏறிய முள். அது மீனின் நன்மைக்காக இல்லை. மீன் விளையாட இறங்கவில்லை, அது சாப்பிட வந்தது. அதற்கு நேர்த்திக்கடன் எதுவும் கிடையாது. மாமாவுக்கு அது விளையாட்டு, மீனுக்கு அது உயிர்ப் போராட்டம். ஒரே கயிற்றின் ஒரு முனையில் பொழுதுபோக்கு, மறுமுனையில் மரண பயம். இந்த நான்காவது வலிக்கு முதல் மூன்றில் இருக்கும் எந்த நியாயமும் பொருந்தவில்லை.

வள்ளுவர் ஏன் இரண்டு அதிகாரம் வைத்தார்?

திருக்குறளில் கொல்லாமை 33-ஆவது அதிகாரம் என்று பலருக்கும் தெரியும். அதற்கு முந்தைய 32-ஆவது அதிகாரத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அதன் பெயர் இன்னாசெய்யாமை. அதாவது, பிற உயிருக்குத் துன்பம் செய்யாமல் இருப்பது. கொல்லாமல் இருப்பதே போதும் என்றால் ஓர் அதிகாரமே போதுமே? வள்ளுவர் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார். கொல்லாமலேயே துன்பம் செய்ய முடியும் என்பதால்தான் அப்படி வைத்தார் என்று நான் புரிந்துகொள்கிறேன். மீனை விட்டுவிடுகிறவர் 33-இல் பாஸ் செய்துவிட்டார். 32-இல் அவருக்கு இன்னும் பரீட்சை பாக்கி இருக்கிறது.

அதிபத்த நாயனாரும் மீனை விட்டவர்தானே என்று சமய வகுப்பு ஒழுங்காகப் போன யாராவது கேட்கலாம். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் வலை வீசி வாழ்ந்தவர் அவர். ஒவ்வொரு நாளும் முதல் மீனைச் சிவபெருமானுக்கு என்று கடலிலேயே விட்டுவிடுவார். பிறகு நாளுக்கு ஒரே ஒரு மீன் மட்டுமே வலையில் விழுந்த காலம் வந்தது. குடும்பமே பட்டினி. அந்த ஒரே மீனையும் விட்டார். கடைசியில் பொன்னாலும் மணியாலும் ஆன மீன் வந்தது, அதையும் விட்டார். பெரியபுராணம் இதைச் சொல்கிறது.

வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்: பிடித்தார், விட்டார். ஆனால் அதிபத்தர் விட்டது தனக்குத் தேவையான மீனை. விட்டதற்காக அவர் பட்டினி கிடந்தார். தேவையே இல்லாத மீனை விடுகிறவர் எதையும் இழப்பதில்லை. தியாகம் என்பது கையைத் திறப்பது மட்டும் இல்லை, கையில் இருந்தது நமக்கு எவ்வளவு வேண்டியதாக இருந்தது என்பதும்தான்.

மாமாவின் பக்கம்

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆனால் சும்மாவும் விடவில்லை.

"நீ மீன் சாப்பிடுறியா இல்லையா?" என்றார் முதலில். சாப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை, விரத நாள் தவிர. "அந்த மீனு வலையில மூச்சு முட்டிச் செத்தது. நான் விட்ட மீனு உசுரோட இருக்கு. யாரு யாரைக் கேக்குறது?"

நல்ல அடி. மகாபாரதத்தில் மிதிலை நகரத்து இறைச்சி வியாபாரி தருமவியாதன், கௌசிகன் என்ற அந்தணனுக்குத் தர்மம் சொல்லும் இடம் ஒன்று உண்டு. ஏர் உழுதாலே மண்ணில் உயிர்கள் சாகின்றன, முழுசாக ஹிம்சை இல்லாமல் இந்த உலகத்தில் யாராலும் வாழ முடியாது என்கிறான். இதைச் சொல்லி, "அப்போ எல்லாமே ஒண்ணுதான், எதைச் செஞ்சாலும் பரவாயில்லை" என்று முடிக்கலாம். அவன் அப்படி முடிக்கவில்லை. தவிர்க்க முடிந்ததைத் தவிர்க்க முயலச் சொல்கிறான். வாழ்வதற்கே கொஞ்சம் ஹிம்சை ஆகிறது என்றால், விளையாட்டுக்காக இன்னும் கொஞ்சம் சேர்ப்பதற்கு நமக்கு உரிமை கூடுகிறதா, குறைகிறதா? குறைகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். மீன் சாப்பிடுவது சரியா என்ற கேள்வி எனக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அது பாக்கி இருப்பதால் இந்தக் கேள்வி தள்ளுபடி ஆகிவிடாது.

மாமாவின் இரண்டாவது வாதம் இன்னும் பலமானது. "ஆத்தைக் காவல் காக்குறது யாரு தெரியுமா? மணல் லாரி வந்தா மொதல்ல பாக்குறது எங்க ஆளுங்க. கரண்ட் வச்சு மீன் புடிக்கிறவனைப் புகார் பண்றது எங்க ஆளுங்க. தூண்டி போடுறவன் இல்லன்னா இந்த ஆத்தை எவன் திரும்பிப் பாப்பான்?"

இதில் உண்மை இருக்கிறது. ஈயச் சுரங்கக் காலத்தில் கிந்தா பள்ளத்தாக்கின் ஆறுகள் சேறாகிப் போன கதையை நம் தாத்தா பாட்டிகள் பார்த்திருக்கிறார்கள். ஆற்றை நேசிக்க ஆள் வேண்டும். ஆனால் நேசத்துக்கு முள் வேண்டுமா என்பதுதான் என் சந்தேகம். தாமான் நெகாராவில் லுபோக் தெனோர் என்ற இடம் கெலா மீன்களுக்கான சரணாலயம். அங்கே போகிறவர்கள் தூண்டில் போடுவதில்லை, தீனி போட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சபாவில் தாகால் என்ற முறையில் கிராமத்து மக்களே ஆற்றின் ஒரு பகுதியை மூடிக் காக்கிறார்கள். திறக்கும் காலத்தில் ஊரே சேர்ந்து உணவுக்காகப் பிடிக்கும். இந்தியாவில் சிருங்கேரி சாரதாம்பாள் கோயில் பக்கம் ஓடும் துங்கை ஆற்றில், நம் கெலாவின் உறவுக்கார மீன்களான மாசீர் கூட்டம் கூட்டமாகப் படிக்கட்டு வரை வரும். அங்கே மீன் பிடிக்கத் தடை. பக்தர்கள் பொரி போடுகிறார்கள். முள் இல்லாமலும் ஆற்றைக் காக்கலாம் என்பதற்கு இவை போதும்.

ஒரு சின்னச் சோதனை

இத்தனைக்கும் பிறகு, எனக்குத் துணையாக நிற்பது அந்த மஞ்சள் நூல்தான்.

மூன்று மாதம் கெட்டுப் போயிருந்த என் மனசை அன்று சரி செய்தது எது? ஆறு, கயிற்றின் ஓட்டம், "நிறுத்துறதுதான் வித்தை" என்று மாமா சொல்லிக்கொடுத்தது, என்னைத் தூக்கிக்கொண்டு வர ஒரு மாமா இருந்தது. இதில் எதுவும் முள் இல்லாததால் குறையவில்லை. அப்படியென்றால் மீனின் வலி அந்தச் சந்தோஷத்துக்குத் தேவையே இல்லை.

இதிலிருந்து நான் ஒரு சோதனையை எடுத்துக்கொண்டேன். நமக்குச் சந்தோஷம் தரும் ஒரு காரியத்தில் இன்னோர் உயிருக்கு வலி இருந்தால், அந்த வலியை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். சந்தோஷம் அப்படியே மிஞ்சினால், அந்த வலி தேவையற்றது, விட்டுவிடலாம். சந்தோஷம் மிஞ்சவில்லை என்றால் விஷயம் இன்னும் மோசம்: நாம் ரசித்தது அந்த வலியைத்தான் என்று அர்த்தம்.

இந்தச் சோதனை ஆற்றோடு முடிவதில்லை. புது மாணவர்கள் வரும்போது சீனியர்கள் "சும்மா விளையாட்டுக்குத்தான்" என்று செய்யும் ராகிங்கில் முள்ளை எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒருவனுடைய கறுப்பு நிறத்தையோ, உடம்பையோ, திக்கிப் பேசுவதையோ வைத்து வாட்ஸ்அப் குழுவில் ஓட்டும் ஜோக்கில் எடுத்துவிட்டுப் பாருங்கள். "கடைசியில் மன்னிப்புக் கேட்டுட்டோமே, விட்டுட்டோமே" என்பது மீனைத் தண்ணீரில் விட்ட கணக்குதான். அவன் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். மீனும் துள்ளிக்கொண்டுதான் போனது.

யோக சூத்திரத்துக்கு வியாசர் பெயரில் உள்ள உரையில் ஒரு விசித்திரமான உதாரணம் வருகிறது. மீனவன் ஒருவன் மீனுக்கு மட்டும் ஹிம்சை செய்கிறான், வேறு எந்த உயிருக்கும் செய்வதில்லை. அதுவும் அகிம்சைதான், ஆனால் எல்லை போட்ட அகிம்சை. பதஞ்சலி கேட்பது எல்லை இல்லாத அகிம்சையை. அந்த மீனவன் வயிற்றுப் பிழைப்புக்காக எல்லை போட்டான். நாம் எதற்காகப் போடுகிறோம் என்று ஒவ்வொருவரும் தனக்குள் கேட்டுக்கொள்ளலாம்.

மாமாவோடு மறுபடியும் ஆற்றுக்குப் போவேன். அவர் முள்ளோடு வீசுவார், நான் நூலோடு வீசுவேன். "என்னடா இது, உப்பில்லாத குழம்பு மாதிரி" என்று கிண்டல் செய்கிறார், செய்யட்டும். அவர் நல்ல மனிதர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நல்ல மனிதர்கள் நல்ல மனசோடு செய்யும் காரியத்தையும் கேள்வி கேட்கலாம், கேட்ட பிறகும் ஒரே காடியில் வீடு திரும்பலாம் என்பதையும் நான் அவரிடம்தான் கற்றுக்கொள்கிறேன்.

நீங்கள் எதில் முள் வைத்திருக்கிறீர்கள்? ஒரு வாரத்துக்கு அதை மட்டும் கழற்றி வைத்துப் பாருங்கள். சந்தோஷம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.